செயலாளர் ஆண்டறிக்கை: "குறைஞ்சிருக்கு சரி, ஏன் குறைஞ்சது?"

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் போன பொதுக்குழுவின் கடைசிப் பத்து நிமிடத்தை ஞாபகப்படுத்திவிட்டு ஆரம்பிக்கிறேன். நன்றியுரைக்கு முன்னால் ஒருவர் "இப்பல்லாம் ஒரே அசதியா இருக்கு" என்றார், உடனே பக்கத்து நாற்காலியிலிருந்து "பி12 கம்மியா இருக்கும், நாலு ஊசி போட்டுக்கோங்க" என்று பதில் வந்தது, முன்வரிசைக்காரர் திரும்பி "அதெல்லாம் இல்லை, டி வைட்டமின்தான்" என்றார், பின்னாலிருந்து ஒரு அக்கா இரும்புச்சத்து மாத்திரை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டியேவிட்டார். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. இந்த வருடம் முழுக்க வைட்டமின், தாது உப்புக் குறைபாடுகளைப் பற்றி மட்டும் பேசுவது என்று அங்கேயே முடிவானது. ஒரே தலைப்பில் ஒரு வருடமா, அலுத்துவிடும் என்று எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். தவறாக நினைத்துவிட்டேன்.

மாதம் ஒரு கூட்டம் என்று திட்டம். பத்து நடந்தது. விட்டுப்போன இரண்டில் ஒன்றுக்கு என் காய்ச்சல் காரணம், இன்னொன்றுக்கு அறைச் சாவி காரணம் (சாவி பிறகு பொருளாளரின் குடைக்குள் கிடைத்தது). வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற டாக்டரம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், ஒரு முறைகூட மாத்திரைப் பெயரை அவராகச் சொன்னதில்லை. யார் எந்த அறிக்கையை நீட்டினாலும் "குறைஞ்சிருக்கு சரி, ஏன் குறைஞ்சது?" என்றுதான் கேட்டார். மூன்றாவது கூட்டத்திலேயே பாதிப் பேர் அவருக்கு முன்னால் அந்தக் கேள்வியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் கூட்டம் கணக்குப் பாடமாகப் போய்விட்டது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம், அயோடின் 150 மைக்ரோகிராம் என்று டாக்டரம்மா சொன்னதும் துணைத்தலைவர் செல்பேசியில் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். 70 வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் அயோடின் 4 கிராம்கூட வரவில்லை. பி12 மொத்தமே 61 மில்லிகிராம்தான், ஒரு சின்ன மாத்திரையின் எடைகூடத் தேறாது. இவ்வளவு துளியூண்டு இல்லாததற்கா நரம்பு கெடுகிறது, கழுத்தில் கழலை வீங்குகிறது, குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது என்று ஒருவர் கேட்டார். உடம்பு பல சத்துகளைத் தானே செய்துகொள்ளும், இவற்றைச் செய்யத் தெரியாது, வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் அது பார்க்கிற வேலை அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டரம்மா. உப்பில் அயோடின் சேர்ப்பதை சுவிட்சர்லாந்து 1922-இலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924-இலும் தொடங்கி, கழலை நோய் மளமளவென்று குறைந்த கதையும் அன்றைக்கு வந்தது. வயிறு நிறைந்திருக்கும், சத்து மட்டும் இருக்காது, வெளியே தெரியவும் தெரியாது, அதனால்தான் இதற்கு மறைபசி என்று பெயர்.

பி12 கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று நடந்தது யாருமே எதிர்பாராதது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பத்து வருடத்துக்கு மேலாக சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர், வேடிக்கையாக ஒரு சம்பவம் சொன்னார். காலையில் நடந்துபோய் வீடு திரும்பியபோது அவர் மனைவி, "ஒரு கால் செருப்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். வழியில் எங்கோ கழன்றிருக்கிறது, இவருக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாதம் மரத்துப்போகிறதா, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறதா, கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் இவர் சர்க்கரை நோயின் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அந்த வாரமே பரிசோதனை செய்ததில் பி12 மிகவும் குறைவு. ஹீமோகுளோபினோ சரியான அளவில் இருந்தது! ரத்தம் நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன பி12 குறைவு என்று நானே கேட்டேன். ரத்தசோகை வராமலேயே நரம்பு மட்டும் பாதிக்கப்படுவது உண்டாம். அதனால்தான் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

சரி, ஏன் குறைந்தது? உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும், பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பயணம் போய் ரத்தத்தில் சேரும். இந்த நீண்ட வழியில் எங்கே அடைத்தாலும் சாப்பிட்டது சேராது. வயதாக ஆக அமிலம் குறையும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை போட்டாலும் குறையும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் சிக்கல், மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுப்பவர்களுக்கும் சிக்கல். விலங்கிலிருந்து வரும் உணவு எதையும், பால்கூட, தொடாதவர்களுக்குச் சத்து சேர்த்த உணவோ மாத்திரையோ இல்லாவிட்டால் முதலிலேயே வரவு கிடையாது. கல்லீரலில் வருடக்கணக்குக்கான கையிருப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும், தலைகாட்டும்போது பலர் காரணத்தையே மறந்திருப்பார்கள். இன்னொன்று, பி12 குறைவா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வகை வைட்டமினை மட்டும் நிறையப் போட்டால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும். நம் மூத்த உறுப்பினருக்கு ஊசி ஆரம்பித்தார்கள். மெட்ஃபார்மினை அவராக நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. மரத்துப்போனது பாதி திரும்பியிருக்கிறது என்கிறார், மீதி திரும்புமா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த ஒற்றைச் செருப்பை இன்னும் வைத்திருக்கிறாராம்.

இரும்புச்சத்துக் கூட்டத்தில் என் மானம் போனது. மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் என் ஹீமோகுளோபின் அசையவே இல்லை, மாத்திரை தயாரித்தவர்களைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். "எதோட போடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். காலை டீயோடு. கூடவே கால்சியம் மாத்திரையும். டீயும் காபியும் கால்சியமும் இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. வைட்டமின் சி உள்ள ஏதாவதோடு, டீக்குத் தள்ளி, கால்சியத்துக்குத் தள்ளிப் போட்டிருக்க வேண்டும். சில பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதும் உண்டாம். ஒரு வேளை மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோனைச் சுரந்து சுமார் ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது, அதனால் அடுத்த நாள் போடுவது குறைவாகத்தான் உடம்பில் சேரும். இதை டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதைப் பார்த்து நான் பயந்த கதையை எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

அதே கூட்டத்தில் ஒரு அம்மா, தன் மகள் எந்நேரமும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடகடவென்று கடித்துத் தின்கிறாள், பல் என்னாவது என்று குறைப்பட்டுக்கொண்டார். அது பல் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. ஐஸ், மண், சாக்பீஸ் போன்றவற்றின் மேல் அடங்காத ஆசை வருவது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கொஞ்சம் மேலே, அதாவது பெண்களுக்கான எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் இருந்தது, ஆனால் ஃபெரிட்டின், அதாவது இரும்பின் கையிருப்பு, காலி. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் ஐஸ் ஆசை தானாகப் போய்விட்டது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாமல் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு திருப்தியடையாதீர்கள், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசியது இந்த ஒரு இடத்தில்தான். அப்புறம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இரும்பு மாத்திரை அட்டை கைக்கு எட்டும்படி கிடக்கக் கூடாது, ஒன்றிரண்டு வயதுக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

டி வைட்டமின் கூட்டம் சண்டையில் முடிந்தது. தினமும் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் வெயிலில் உட்காருகிறேன், எனக்கு எப்படிக் குறையும் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஜன்னல் மூடியிருந்ததுதான் காரணம், தோலில் டி உற்பத்தியாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதைவிடப் பயமுறுத்தியது இன்னொருவர் கதை, வாரம் ஒன்று போடவேண்டிய வீரியமான மாத்திரையை தினம் ஒன்றாக இரண்டு மாதம் போட்டிருக்கிறார், தாகம், வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் படுத்தார். டி கொழுப்பில் கரைவது, அதிகமானால் சிறுநீரில் சட்டென்று வெளியேறிவிடாது. ஏ வைட்டமினும் அப்படித்தான். குறைந்தால் மாலைக்கண் வரும், குழந்தைகளுக்குக் கருவிழியே கெடும். கர்ப்பிணிகள் மிதமிஞ்சி மாத்திரையாக எடுத்தாலோ கருவுக்கு ஆபத்து. சத்துதானே, கூடப்போனால் என்ன என்று வாதாடியவருக்காக டாக்டரம்மா 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வைச் சொன்னார்: புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்தது, பீட்டா கரோட்டின் (உடம்பு ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்ளும் சத்து) மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 சதவீதம் கூடியிருந்தது.

இளம் தம்பதிகளுக்காக வைத்த கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாமியார்கள். பரவாயில்லை, செய்தி போய்ச் சேரட்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் உதவும், எனவே தினமும் 400 மைக்ரோகிராம் என்று கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குழாய் சரியாக மூடாத பாதிப்பு இருந்தவர்களுக்கு அளவு அதிகம், அதை டாக்டர்தான் சொல்வார். அப்படிப்பட்ட தாய்மாரை வைத்து ஏழு நாடுகளில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு மறுபடி அதே பாதிப்பு வருவது சுமார் 70 சதவீதம் குறைந்தது.

ஆண்டு விழா நாடகம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் பார்த்ததைப் பிள்ளைகள் நடித்தார்கள். 12 பேர் வேண்டும், கிடைத்தது 9 பேர், அதனால் மூன்று தலையணைகளும் மாலுமிகளாகப் படுத்தன. கடல் தண்ணீர் குடிக்கும் வேடம் கிடைத்த பையன் மேடையிலேயே "எனக்கும் ஆரஞ்சுதான் வேணும்" என்று அழுதுவிட்டான். நிஜத்திலும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று தேறினார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் வழங்க முடிவெடுத்தது 1795-இல். லிண்ட் அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டார். வைட்டமின் என்ற சொல் பிறந்ததே 1912-இல்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாம் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அறிவிக்க மறந்தது என் தவறு, பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், எந்தப் பரிசோதனைக்கு அது தேவை, எதற்குத் தேவையில்லை என்று வாசலில் நின்று விளக்குவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பெண்ணுக்குத் தைராய்டு அதிகம் என்று அறிக்கை வந்து வீடே கலங்கியது. முடி கொட்டுவதற்காக அவர் அதிக அளவில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எடுத்துக்கொண்டிருந்தார், சில வகை தைராய்டுப் பரிசோதனைகளில் அது முடிவையே மாற்றிக் காட்டும். நிறுத்திச் சில நாள் கழித்துப் பார்த்ததில் எல்லாம் சரி. இனி முகாம் படிவத்தில் "இப்போது எடுக்கும் சத்து மாத்திரைகள்" என்று ஒரு வரி இருக்கும். முகாம் முடிவுகளை எண்ணிக்கையாகக்கூட இந்த அறிக்கையில் போடவில்லை, சிறிய சங்கம், யார் யார் என்று எல்லோரும் ஊகித்துவிடுவார்கள்.

இலவசமாகப் பல சத்துகள் சேர்ந்த மாத்திரை தருகிறோம், விழா பேனரில் எங்கள் பெயரைப் போடுங்கள் என்று ஒரு நிறுவனம் கேட்டது. செயற்குழு வேண்டாம் என்று முடிவெடுத்தது. பேனர் செலவு மிச்சமாகியிருக்குமே என்று பொருளாளருக்கு இன்னும் வருத்தம்.

அடுத்த ஆண்டுத் தலைப்பு இன்றே முடிவாக வேண்டும். தூக்கம், உப்பு, முழங்கால் என்று மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. செயலாளர் பொறுப்புக்கு நான் மறுபடி நிற்கவில்லை, கூட்டக் குறிப்பேடும் அறைச் சாவியும் மேசைமேல் இருக்கின்றன. சாவிக்கு ஒரு பெரிய வளையம் மாட்டியிருக்கிறேன், குடைக்குள் போகாது.