பகல் மூன்று மணிக்கு யார் தூங்குவார்கள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

போன முகூர்த்தத்தன்று, கோவை விமான நிலையம் பக்கம் சிட்ராவில் இருக்கிற நம்ம லாட்ஜில் நடந்ததைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. "ஏரோப்பிளேன்காரங்க தூங்கணும்னு கல்யாண வீட்டாரை விரட்டின லாட்ஜ்" என்று தலைப்பு. எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள்.

யாரையும் விரட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் மாடி வராந்தாவில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். ரிசப்ஷன் தம்பி போய், "கொஞ்சம் குறைச்சுக்கோங்க, எதிர் ரூம்ல பைலட் தூங்குறாருங்க" என்றான். "பட்டப்பகல் மூணு மணிக்கு எவன் தூங்குவான்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

விடியக்காலை வந்திறங்கி, ராத்திரி மறுபடி விமானத்தை எடுக்கிறவர் அப்போதுதான் தூங்க முடியும். அடுத்த டூட்டிக்கு முன் குறைந்தது 12 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசுத் துறை) விதி. முந்தின டூட்டி அதைவிட நீண்டிருந்தால் ஓய்வும் அவ்வளவு நீளும். அறையும் சத்தமில்லாமல், வெளிச்சத்தையும் குளிரையும் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்க வேண்டும். ராத்திரி பூரா கண் விழித்த டிரைவரை நம்பித் திம்பம் மலைப்பாதையில் பஸ் ஏறுவோமா?

"சாவி மாட்டியிருக்கு, ஆனா ரூம் இல்லைங்கறாங்க" என்றும் அந்தச் செய்தியில் ஒரு வரி. ஏர்பஸ் 320 ஒன்று வந்தால் பைலட் இரண்டு பேர், கேபின் ஆட்கள் நாலு பேர் என்று, ஆளுக்கு ஒன்றாக ஆறு அறை போய்விடும். விமானம் தாமதமானால் அந்த ஆறும் நடுராத்திரி வரை பூட்டியே கிடக்கும். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, வேன் வந்து நிற்கும்போது நான் என்ன சொல்வது? (அந்த வேனில் பெண்பிள்ளைகள் இறங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களுடைய யூனிஃபார்மையும் பார்க்கட்டும். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.)

பக்கத்துக் கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும் நாளில் சிட்ராவில் எந்த லாட்ஜும் நிரம்பும். மற்ற நாளில் கரண்ட் பில்லும் சம்பளமும் இந்த விமானக்காரர்களால்தான் ஓடுகிறது. அதே கல்யாண வீட்டாருக்கு அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்பைப் பற்றவைத்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டோம். அது மட்டும் வாட்ஸப்பில் வரவில்லை, போகட்டும்.

திருப்பூருக்குப் பனியன் ஆர்டர் விஷயமாக வருகிறவர்கள், பீளமேட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள், பையனை வெளிநாட்டுக்கு வழியனுப்ப முதல் நாளே வந்து தங்குகிற குடும்பங்கள் எல்லாரும் எங்களுக்கு வேண்டியவர்கள். அவிநாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கும் வரை எத்தனை வருஷப் புழுதி! அதிலும் வேறு இடம் தேடாமல் வந்தீர்கள். அந்த நன்றி என்றைக்கும் உண்டுங்க.

அடுத்த மாதம் முதல் இரண்டாம் மாடி முழுக்க விமான ஊழியர்களுக்கு. அறைக் கணக்கும், வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பது போய், பகல் 12 மணிக்கு 12 மணி என்று மாறுகிறது. விவரம் கவுண்டர் போர்டில்.

அப்புறம், முகூர்த்த நாளுக்கு ரூம் சொல்லும்போது கல்யாணத்துக்கு என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். முதல் மாடியில் ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கித் தருகிறோம். ஸ்பீக்கரும் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
உரிமையாளர்
சிட்ரா, கோவை