கேட்டுவிட்டுத் தொட வேண்டும்: மருத்துவ மாணவி ஒருவரின் கோரிக்கை மனு

பெறுநர்: சுகாதாரத்துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: மாணவர்கள் பரிசோதிக்கும் முன் நோயாளியின் சம்மதத்தைக் கட்டாயமாக்கக் கோருதல்

ஐயா, வணக்கம்.

நான் இறுதியாண்டு மருத்துவ மாணவி. அறுவைப் பிரிவில் போஸ்டிங் இருந்தபோது, வயிற்றில் கட்டியோடு படுத்திருந்த ஒரு அம்மாவைச் சுற்றி நாங்கள் 12 பேர் நின்றோம். திரையைப் பாதிதான் இழுத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வயிற்றை அழுத்திப் பார்த்தோம், நான் ஒன்பதாவது ஆள், என் முறை வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலிக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தக் கட்டி எவ்வளவு பெரிது, எங்கே இருந்தது என்று இன்றும் சொல்வேன். அவர் பெயர் தெரியாது.

நோயாளியைத் தொடாமல் மருத்துவம் கற்க முடியாது, சரி. ஆனால் அதற்கப்புறம் நான் கேட்டுவிட்டுத் தொட்டவர்களில் பலர் "பாரும்மா" என்றுதான் சொன்னார்கள். ஓரிருவர் வேண்டாம் என்றார்கள், அது அவர்கள் உரிமை. நோயாளிகளின் உரிமைகள் பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனமே, மருத்துவக் கல்வியில் பங்கேற்க மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது ஆபரேஷன் தியேட்டர். மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு, சிகிச்சைக்காக இல்லாமல் நாங்கள் பழகுவதற்காக மட்டும் உள்பரிசோதனை செய்யச் சொன்னால் என்ன செய்வது? அவர் கையெழுத்துப் போட்டது ஆபரேஷனுக்கு. "அவரிடம் கேட்டீர்களா சார்?" என்று கேட்க வாய் வராது, ஏனென்றால் நாங்கள் செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதும் இன்டர்னல் மார்க் போடுவதும் அதே ஆசிரியர்தான். அமெரிக்காவிலேயே 2024 ஏப்ரலில்தான், இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அந்நாட்டு அரசு தெளிவாக அறிவுறுத்தியது.

மயக்கத்தில் செய்யும் அந்தரங்கப் பரிசோதனைகளுக்கு மாணவர் பங்கைக் குறிப்பிடும் தனிச் சம்மதப் படிவம் வேண்டும், அதை முந்தைய நாளே நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். வார்டில் வாய்மொழியாகக் கேட்டாலே போதும், ஆனால் மாணவர் கூட்டம் கட்டிலைச் சூழ்வதற்கு முன்பே ஆசிரியர் கேட்டுவிட வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒருவரை எத்தனை மாணவர் தொடலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். சம்மதம் இல்லை என்று விலகி நிற்கும் மாணவரின் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதுங்கள் ஐயா, அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மருத்துவ மாணவி