கடை விதிகள் குறித்து அப்பச்சிக்கு

சிவமயம்
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பச்சிக்கு வணக்கம். இங்கு நலம், ஆத்தாளின் முழங்கால் வலி தேவலையா?

காரைக்குடிக் கடையில் வேலை செய்வோருக்கு விதிகள் அச்சிடப் போவதாகவும், சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும், சம்பளத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசக் கூடாது என்ற இரண்டும் அதில் உண்டென்றும் தம்பி எழுதியிருந்தான். முதலாவது இருக்கட்டும், இரண்டாவதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கடையிலும் வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று விதி உண்டு. ஆனால் சாப்பாட்டு இடைவேளையில், "உனக்கு மணிக்கு எவ்வளவு?" என்று மேலாளர் காதுபடவே கேட்டுக்கொள்கிறார்கள், அவர் காப்பியை எடுத்துக்கொண்டு பேசாமல் போகிறார். இந்த அமெரிக்க நாட்டின் 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கமே இல்லாத தனியார் கடையிலும் ஊழியர்கள் ஊதியத்தையும் வேலை நிலைமையையும் பற்றிக் கூடிப் பேசும் உரிமையைக் காக்கிறது. வயல் வேலை, வீட்டு வேலை செய்வோரை அது சேர்க்காதது பெருங்குறை என்றே நினைக்கிறேன்.

நடத்தை விதிகளைப் பற்றியும் இங்கே வழக்கு நடந்திருக்கிறது. பணியிடத்தில் இணக்கமான சூழலைப் பேண வேண்டும் என்ற டி-மொபைல் என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் விதி, குறை சொல்வதையே குற்றமாக எண்ண வைக்கும் என்று 2016இல், மேற்சொன்ன சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் உறவு வாரியம் அதைச் செல்லாதென்றது. மறு ஆண்டு, நியூ ஆர்லியன்ஸிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத் தீர்ப்பின் அந்தப் பகுதியை மாற்றி, சாதாரண மரியாதையைக் கேட்கும் விதியில் தவறில்லை என்றது. நீதிமன்றம் சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆயினும் வாரியம் சொன்ன அச்சம் பொய்யில்லை. மின்விசிறி ஓடவில்லை என்று சொல்லக்கூட, "முகத்தைக் காட்டுகிறாள்" என்ற பெயர் வந்துவிடுமோ என்று நம் கடைப் பெண்கள் தயங்குவதைப் பெட்டியடியில் இருந்தபோது கண்டிருக்கிறேன்.

காலை முதல் நின்றபடியே கண்டாங்கிச் சேலைகளை விரித்தும் மடித்தும் கால் வீங்கிப்போனவரிடம் மாலையில் மலர்ந்த முகத்தைக் கேட்பது நியாயமில்லை. நம் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி கொடுத்தே ஆக வேண்டும். இடையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம். ஆகவே தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு விற்பனைப் பிரிவிலும் முக்காலிகள் போட்டுவிடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பதையும், குறையைத் தங்களிடம் நேரில் சொல்லலாம் என்பதையும் விதிகளின் தொடக்கத்திலேயே சேருங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் படியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்