இரவில் தங்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடிழந்த குடும்பங்களைத் தேவாலயங்களில் தங்கவைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டையும் போர்வையையும்தான் சொல்கிறார்கள். அதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது. எங்கள் சபையில் சமைக்க வருவோர் பெயர்ப்பட்டியல் தாளின் பின்பக்கம் வரை போயிற்று. அந்தக் குடும்பங்களுக்குத் துணையாக இரவில் தங்குவோர் பட்டியலில் 4 பெயர்தான். அதிலும் இரண்டு நானும் என் மனைவியும். இரவுக்கு இரண்டு பேர் என்றால், ஒரு வாரத்துக்கு 14 பேர் வேண்டும்.

இந்த முறையை 1986-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கியவர் கேரன் ஓல்சன் என்ற பெண்மணி. அதற்காகக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. வாரநாளில் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு பள்ளி அறைகளே போதுமானதாக இருந்தன. இந்த வாரம் ஒரு சபை, அடுத்த வாரம் இன்னொரு சபை. பகலில் குளிக்க, துவைக்க, வேலை தேட வேறோர் இடம். வாராவாரம் மூட்டை கட்டுவது கஷ்டம்தான். ஆனால் குடும்பம் பிரிவதில்லை. பல காப்பகங்களில் அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் ஒரு பக்கம், அப்பாவும் வளர்ந்த பையனும் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடுகிறது.

போன முறை வந்த ஒரு சிறுமி, எட்டு வயதிருக்கும், படுக்கப் போகுமுன் அறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள். அப்புறம் வெளியே வந்து, "தாத்தா, விடியிற வரைக்கும் இங்கேயேதான் இருப்பீங்களா?" என்று கேட்டாள். "இங்கேயேதான்" என்றேன்.

இரண்டு மணிக்கு அவள் அப்பா எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. வீடு போனதும் சில வாரம் காரிலேயே தூங்கினார்களாம். பிள்ளைகள் தூங்க, இவர் காவலுக்கு விழித்திருப்பாராம். அந்தப் பழக்கம் விடவில்லை என்றார். "இன்னிக்கு நான் முழிச்சிருக்கேன், நீங்க போய்ப் படுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனார். காலையில் அவர் மனைவி வந்து எழுப்பும் வரை தூங்கினார்.

இந்த வேலைக்குச் சமைக்கத் தெரிய வேண்டாம், புத்திமதி சொல்லவே வேண்டாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜெபத்துக்கு வந்தால்தான் இடம் என்று எந்தச் சபையும் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளி, சனி இரவுகளுக்குப் பெயர் கொடுக்கலாம். உங்கள் பக்கத்துச் சபையில் குடும்பங்கள் தங்குகின்றன என்றால், அடுத்த முறை எந்த இரவுக்கு ஆள் இல்லை என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
இரவுத் தன்னார்வலர் ஒருவர்