மீன்கொத்தி இல்லை மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

ஆடிப்பெருக்குக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஐப்பசியில் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி பழையபடிதான்.

உன் மகள் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் அவசரமாக எழுதுகிறேன். கொல்லைச் சுவரில் மோதி விழுந்தது மீன்கொத்தியாம்! இத்தனை குட்டை அலகோடு மீன்கொத்தியை எங்கேயடா பார்த்தாய்? பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக் குருவி அது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வருகிறது. இரவில்தான் பறக்கும். களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகிறது. விழுந்ததைக் காக்கையும் பூனையும் விடாது.

இனி விழுந்தால் என்ன செய்வதென்று கேள். செருப்புப்பெட்டி அளவு அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் ஏழெட்டு ஓட்டை, அடியில் பழைய வேட்டித் துண்டு. செய்தித்தாள் போடாதே, கால் வழுக்கி அகன்றுவிடும். மூடி இருட்டில் வை. அதிர்ச்சி தணிய இருட்டுதான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துப்போகும். சோற்றுப் பருக்கையும் வேண்டாம். அது தின்பது புழுவும் பூச்சியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து படம் பிடிக்கிற உன் புத்தியையும் கட்டிவை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்து நின்றால், பொழுது சாயுமுன் புதர் ஓரம் பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்துவிட்டு விலகிவிடு. மேலே வீசாதே. இரவில் கிடைத்தால் விடியட்டும். சிறகு தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல். கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்டாயாமே? 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பிட்டா என்ற இதன் பேரினப் பெயரே தெலுங்குச் சொல்தான், குருவி என்று அர்த்தம். உன் சம்பந்தியிடம் சொல், மீசையை முறுக்கட்டும். முன்பு இந்தக் குடும்பம் முழுக்க அந்த ஒரே பேரினத்தில் இருந்தது. 2006-ல் மரபணு பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள். நம்முடையது பிட்டா பிராக்கியூரா, அதாவது குட்டைவால். அதன் பங்காளி ஒன்று ஜப்பான், கொரியாவில் கூடு கட்டி போர்னியோவுக்குக் குளிர்காலம் கழிக்கப் போகிறது. இன்னொன்று அலையாத்திக் காட்டுக்காரன், தடித்த அலகு, நண்டு தின்னும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கிளம்பிவிடாதே, அதற்குச் சுந்தரவனம் மாதிரி இடத்துக்குப் போகவேண்டும்.

எனக்கு நிஜமான கவலை உன் துடைப்பம்தான். மூங்கில் குத்து அடியில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறாயாமே! அந்தச் சருகைப் புரட்டித்தான் அது மண்புழு எடுக்கிறது. சுத்தமான தரையில் அதற்குச் சாப்பாடும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. கோடியக்கரைக் காட்டில் யாரும் கூட்டுவதில்லை. மூங்கிலடியையும் மாமர நிழலையும் சித்திரை வரை தொடாதே. பாம்பு வரும் என்று அத்தாச்சி கத்தினால், வாசல் பக்கம் மட்டும் கூட்டு. கொல்லை விளக்கை எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடு.

பதிலில் ஒன்று மறக்காமல் எழுது: விடியற்காலை ஆறு மணிவாக்கில் மூங்கில் பக்கம் இரண்டு சுரத்தில் விசில் கேட்கிறதா?

உன்,
குண்டு