வால்ட் 11-இல் நடந்த தேர்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகம் அழிந்த பிறகு நடப்பதாக அமைந்த வீடியோ கேம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவற்றில் கதை என்று ஒன்றும் இல்லை, சுடுவதற்கு ஒரு சாக்குதான் இருக்கிறது என்பது கட்டுரையாளரின் கருத்து. உதாரணத்துக்கு அவர் சொன்ன பெயர்களில் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ ஒன்று. அதை அரை வரியில் கடந்துவிட்டார். நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். என் தம்பி கொடுத்துத்தான் அந்த விளையாட்டு எனக்கு அறிமுகம். முதலிலிருந்து கடைசிவரை, வெவ்வேறு முடிவுகளுக்காக ஒருமுறைக்கு மேல் விளையாடியிருக்கிறேன். அதில் கதை இருக்கிறது. ஆனால் யாரும் உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்கள். நாமே தேடி எடுக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாடாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 2010 அக்டோபரில் வந்த ரோல்-பிளேயிங் கேம் இது, அதாவது ஒரு பாத்திரத்தை நாமே ஏற்று நடத்தும் விளையாட்டு. அப்சிடியன் நிறுவனம் உருவாக்கியது, பெதஸ்தா வெளியிட்டது, இயக்கியவர் ஜாஷ் சாயர். கதைப்படி 2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போர் மூண்டு, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நாம் வந்து சேர்வது 2281-இல், அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக்கு. நாம் வீரரும் அல்ல, தலைவரும் அல்ல. ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கூரியர். வழியில் தலையில் சுட்டுக் குழியில் தள்ளிவிடுகிறார்கள். பிழைத்து எழுந்தால், ஹூவர் அணைக்காக மூன்று தரப்புகள் மோதத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, கலிஃபோர்னியாவிலிருந்து விரிந்து வந்த குடியரசு. இரண்டாவது, பழைய ரோமாபுரியைப் பார்த்து உருவான சீசரின் லீஜியன் என்ற அடிமைப் படை. மூன்றாவது, வேகாஸ் நகரைத் தன் கோபுரத்துக்குள் இருந்தபடியே ஆளும் மிஸ்டர் ஹவுஸ். அணை யார் கையிலோ, தண்ணீரும் மின்சாரமும் அவர் கையில்.

இதில் ஒரே ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்: வால்ட் 11. அணுப்போருக்கு முன்பு மக்கள் தஞ்சம் புகுவதற்காக நிலத்தடியில் கட்டிய அறைத் தொகுதிகளைத்தான் இந்த விளையாட்டில் வால்ட் என்கிறார்கள். அங்கே போக வேண்டும் என்று பிரதான கதை கட்டாயப்படுத்துவதில்லை. வேறொரு குழுவின் பதுங்கிடத்தில் காற்று வடிகட்டும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. அதற்கு ஓர் உதிரிபாகம் இங்கே இருக்கிறது, எடுத்து வா என்று அனுப்புகிறார்கள். பாகத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். அப்படித் திரும்பியவர்களும் இருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும், வாசலுக்குப் பக்கத்திலேயே எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. போட்டுக் கேட்டால் சிலர் தழுதழுத்த குரலில் வாதம் செய்கிறார்கள்: வெளியே போய் இங்கே நடந்ததைச் சொல்லலாமா, வேண்டாமா என்று. பிறகு துப்பாக்கிச் சத்தம். என்ன நடந்தது என்று அந்த நேரத்தில் எதுவும் புரியாது. இன்னும் உள்ளே போனால் சுவரெங்கும் தேர்தல் சுவரொட்டிகள். ஒன்றில் ‘நேட்டை வெறுக்கிறேன்’ என்று இருக்கிறது. இன்னொன்று ஹேலி என்பவரின் ஒழுக்கக்கேட்டைப் பட்டியல் போட்டுவிட்டு, அவருக்கே ஓட்டுப் போடச் சொல்கிறது. நின்று படிப்பவருக்கு இங்கே முதல் நெருடல் ஏற்படும். ஒருவரைத் திட்டிவிட்டு அவரையே ஏன் ஜெயிக்க வைக்க வேண்டும்?

அப்புறம் ஒவ்வொரு கணினியாகத் திறந்து படிக்கப் படிக்க விஷயம் தெளிகிறது. ஆண்டுக்கு ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் வால்டில் இருக்கும் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று வால்டை இயக்கும் இயந்திரம் சொல்லியிருக்கிறது. மக்கள் அதற்கும் ஒரு முறை வகுத்துவிட்டார்கள்: ஓவர்சியர், அதாவது வால்டின் தலைவர் பதவிக்குத் தேர்தல். ஜெயித்தவர் பதவிக்காலம் முடிந்ததும் பலிக்களத்துக்குப் போக வேண்டும். நாளடைவில் கட்சிகள் முளைக்கின்றன. ஆள்பலம் உள்ள கட்சி, பிடிக்காதவரை நிறுத்தி ஜெயிக்க வைக்கிறது. அந்தக் கட்சித் தலைவர் ஒரு பெண்ணிடம், உன் கணவனை நிறுத்தாமல் இருக்க வேண்டுமானால் இணங்கு என்கிறார். அவளும் இணங்குகிறாள். அப்படியும் கணவனையே நிறுத்துகிறார்கள். கேத்தரின் ஸ்டோன் என்ற அந்தப் பெண் அந்தக் கட்சிக்காரர்களைக் கொல்கிறாள், பிடிபடுகிறாள், அந்தக் காரணத்துக்காகவே ஓவர்சியராகிறாள். பதவியில் அமர்ந்ததும் அவள் பிறப்பிக்கும் உத்தரவு: இனி தேர்தல் கிடையாது, கணினி யாரையாவது குலுக்கிப் போட்டு எடுக்கும். கட்சிக்காரர்கள் துப்பாக்கி தூக்குகிறார்கள். வால்ட் முழுக்கச் சண்டை.

கடைசியாக ஓவர்சியரின் மேசைக்குக் கீழே ஒரு பாதை திறக்கிறது. பலிக்கு அனுப்பப்பட்டவர்கள் நடந்த அதே பாதையில் நாமும் நடக்கிறோம். ஓர் அறையில், நீங்கள் நல்ல வாழ்க்கை வாழ்ந்தீர்கள் என்று ஆறுதல் சொல்லும் படம் ஓடுகிறது. அது முடிந்ததும் சுவர்கள் விலகுகின்றன. தானியங்கித் துப்பாக்கிகளும் ரோபோக்களும் சுடத் தொடங்குகின்றன. சண்டையில் பிழைத்துக்கொண்டால் உள்ளே ஒரு கணினி இருக்கிறது. அதில் கடைசிச் செய்தி. எஞ்சியிருந்த ஒரு சிலர், இனி யாரையும் பலி கொடுக்க மாட்டோம், எல்லோரும் சாகிறோம் என்று இயந்திரத்திடம் சொன்னபோது அது தந்த பதில்: வாழ்த்துகள், நீங்கள் மனித குலத்துக்கு எடுத்துக்காட்டு, கதவு திறந்துவிட்டது, போகலாம். பலி கொடுக்க மறுத்திருந்தால் முதல் ஆண்டிலேயே கதவு திறந்திருக்கும். வாசலில் கேட்ட ஒலிப்பதிவில் அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த நொடியில்தான் விளங்குகிறது. எனக்கு விளங்கியபோது கை நடுங்கியது.

இதில் ஒரு வரியைக்கூட ஒரு கதாபாத்திரம் வந்து நம்மிடம் சொல்வதில்லை, கவனியுங்கள். உயிரோடு யாரும் இல்லை. சுவரொட்டி, கணினிக் குறிப்பு, ஒலிப்பதிவு, எலும்புகள் கிடக்கும் இடம், அவ்வளவுதான். முடிவு முதலில் காதில் விழுகிறது, காரணம் கடைசியில் கிடைக்கிறது. நடுவில் இருப்பதைக் கோர்ப்பது நம் வேலை. வரலாற்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எது முந்தையது, எது இதில் இல்லை. மாணவர்களுக்குப் பொருந்தாத பகுதிகளை நீக்கிவிட்டு, இந்தக் குறிப்புகளைத் தனித்தனித் தாள்களில் எழுதி, கலைத்து, மேல் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். சுவரொட்டியில் ஓர் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். ஒரு மாணவி கேட்டாள்: “ஒரு வருஷம் அனுப்பாம இருந்து பார்ப்போம்னு ஏன் யாருமே சொல்லல?” இன்னொருவன் அதற்குப் பதில் சொன்னான்: “சொல்லியிருப்பாங்க. அவங்களைத்தான் அடுத்த தடவை ஓவர்சியர் ஆக்கியிருப்பாங்க.” அந்தப் பதில் எந்தத் தாளிலும் இல்லை.

நிப்டன் என்ற ஊரும் இதே போலத்தான், ஆனால் அங்கே பேச ஆள் இருக்கிறது, அது இன்னும் மோசம். ஊருக்குள் நுழையும்போதே ஒருவன் எதிரே ஓடி வருகிறான், லாட்டரியில் ஜெயித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு. உள்ளே போனால் தெரு நெடுகச் சிலுவைகள். அவற்றில் உயிரோடு மனிதர்கள். எரியும் டயர்களின் மேல் மேயரின் உடல். லீஜியனின் உளவாளி வல்பஸ் நிதானமாக நமக்கு விளக்குகிறான்: இந்த ஊர் பணம் கொடுத்த எல்லோருக்கும் தன்னை விற்ற ஊர், அதனால் குலுக்கல் வைத்துத் தண்டித்தோம் என்று. அவனை வெறுத்துக்கொண்டே நகராட்சிக் கட்டடத்துக்குப் போய் மேயரின் கணினியைத் திறந்தால், அவன் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்று தெரிகிறது. பணத்துக்காக மேயர் மற்றவர்களைப் பிடித்துக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கொடுமை செய்தவன் சொன்ன தகவல் சரியாக இருக்கிறது; அதை வைத்து அவன் கட்டும் நியாயம் தவறாக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லும் இடம் எத்தனை வரலாற்றுப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதை தொடங்கும் குட்ஸ்பிரிங்ஸ் கிராமத்திலிருந்து பார்த்தாலே வடக்கே வேகாஸின் விளக்குகள் தெரியும். நேராகப் போக எந்தச் சுவரும் இல்லை. ஆனால் அந்த வழியில் விஷக் கொடுக்குப் பூச்சிகளும் டெத்கிளா மிருகங்களும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கியவர் தாங்க மாட்டார். அதனால் தெற்கே சுற்றித்தான் பெரும்பாலோர் போகிறார்கள். பிரிம்மில் சட்டம் ஒழுங்கு இல்லாமல் போன ஊர், நிப்டனில் லீஜியனின் சட்டம், நோவாக்கில் மனைவியை இழந்த ஒரு துப்பாக்கி வீரன். வேகாஸ் போய்ச் சேர்வதற்குள் மூன்று தரப்பும் சாதாரண மக்களை என்ன செய்திருக்கின்றன என்று கண்ணால் பார்த்திருப்போம். அதன் பிறகுதான் அந்தத் தரப்புகளின் தலைவர்கள் நம்மிடம் பேச வருகிறார்கள். சுற்றுவழியே கதையின் முதல் பாகம்.

சுடுவதற்கு ஒரு சாக்கு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சண்டை இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ரத்தமும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு இல்லை. ஆனால் பேசியே தீர்க்கும் வழியையும் மெனக்கெட்டு அமைத்திருக்கிறார்கள். இதே வரிசையில் 2008-இல் வந்த மூன்றாம் ஃபால்அவுட்டில் ஒருவரைப் பேசி இணங்க வைப்பது சதவீதக் கணக்கு. தோற்றால் முன்பு சேமித்து வைத்த கட்டத்தைத் திறந்து மறுபடி முயன்றுகொண்டே இருக்கலாம். இதில் அந்த அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. இவ்வளவு திறன் வேண்டும் என்று எண் போட்டுக் காட்டுகிறது. திறன் குறைவாக இருந்தால் நாம் சொல்லப்போகும் வசனமே சொதப்பலாகத் திரையில் தெரிகிறது. மருத்துவம், வணிகம், வெடிமருந்து, அறிவியல் எல்லாமே பேச்சில் பயன்படுகின்றன. இறுதிப்போரில் லீஜியனின் தளபதி லேனியஸை ஒரு குண்டும் வீணாக்காமல் திருப்பி அனுப்பலாம். எப்படி? இந்த அணையை நீ பிடித்தாலும் இவ்வளவு தூரத்துக்கு உன்னால் படைக்குச் சோறும் ஆளும் அனுப்ப முடியாது, மேற்கைப் பிடிக்கப் போய்க் கிழக்கை இழப்பாய் என்று வாதாடி. பேரரசுகள் ஏன் சுருங்கின என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் காரணங்களில் முக்கியமானது இதுதான். ஒரு விளையாட்டின் இறுதிச் சண்டைக்கு அதுவே விடையாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளிவந்தபோது பிழைகள் மலிந்து கிடந்தன. சுமார் ஒன்றரை ஆண்டில் முடித்த வேலை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. லீஜியனைக் காட்டியிருக்கும் விதம்தான் உறுத்துகிறது. சீசர் ஒரு காலத்தில் படித்தவர்கள் குழுவில் இருந்தவர். புத்தகங்களில் ரோமாபுரியைக் கண்டெடுத்து, அதிலிருந்து படையையும் சிலுவையையும் அடிமை முறையையும் எடுத்துக்கொண்டு, சட்டத்தையும் செனட்டையும் விட்டுவிட்டார். அருமையான கற்பனை. ஆனால் கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே அவர் ஆளும் நிலத்தை நாம் பார்ப்பதே இல்லை. அங்கே சாலைகளில் கொள்ளையர் பயம் கிடையாது என்று வியாபாரிகள் சொல்வதோடு சரி. குடியரசு என்றால் முகாம், வயல், வரி கட்டி அலுத்தவர்கள், வீட்டு நினைப்பில் இருக்கும் சிப்பாய்கள் என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஆவணக் குவியல், மறு பக்கத்துக்கு வாய்ச்சொல். வால்ட் 11-ஐ அத்தனை நேர்மையாகச் செய்தவர்கள் இதையும் செய்திருக்க வேண்டும். லீஜியனை நான் நியாயப்படுத்தவில்லை. ஏன் மக்கள் அதன் கீழ் வாழ்ந்தார்கள் என்பது தெரியாமல் தீர்ப்புச் சொல்ல வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முடிவில், நாம் போன ஒவ்வோர் ஊருக்கும் என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு படமாகக் காட்டிச் சொல்கிறார்கள். எட்டிப் பார்க்காமல் விட்ட ஊருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. அதற்குப் பிறகு விளையாட்டைத் தொடர முடியாது. அணைப் போருக்கு முன் சேமித்து வைத்த கட்டத்துக்குத்தான் திரும்பலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூல் மதிப்புரையை அந்த நூலைக் கடைசிப் பக்கம்வரை படித்தவரிடம்தான் நீங்கள் வாங்குவீர்கள். வீடியோ கேம் பற்றிய கட்டுரைக்கும் அதே விதியை வையுங்கள். ‘நியூ வேகாஸ்’ பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், வால்ட் 11-க்குள் போய்ச் சுவரொட்டிகளைப் படித்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அவர் என்னோடு உடன்படாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகி, வரலாற்று ஆசிரியை