மிராஃப்ளோரஸ் மண்மலை

அன்புள்ள பாப்பா,

ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குத்தான் இன்னும் ராத்திரி தூக்கம் பிடிபடவில்லை, பகலெல்லாம் கண்ணைச் சொருகுகிறது.

நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போனதும் நான் மட்டும் எங்கே போய்விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். மிராஃப்ளோரஸ் பகுதியில் இருக்கிற பழங்கால மண்மேடு, வாக்கா புக்யானாவுக்குத்தான் போனேன். உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பெரு நாட்டுக்குப் போய் லிமாவில் இத்தனை நாளாக இருக்கிறாய், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்கிறாயே!

ஏழெட்டு மாடி உயரம், முழுக்க மண். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த, லிமா பண்பாடு என்று இப்போது சொல்கிற மக்கள் கி.பி. 200-லிருந்து 700 வரைக்கும் கட்டி எழுப்பிய கோயில் மேடு அது. பெருவை ஆண்ட இன்காக்கள் வந்ததே அதற்கு ரொம்பப் பிந்தித்தான்.

எனக்குக் கட்டட வேலைக்காரப் புத்தி, சாமி கதையைவிடச் சுவர்தான் கண்ணில் பட்டது. கையால் பிடித்துக் காயவைத்த சின்னச் சின்னப் பச்சைக்கல், சூளையில் சுடாத மண்கல். நாம் கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். அவர்கள் நிமிர்த்தி, அலமாரியில் புத்தகம் அடுக்கின மாதிரி வரிசையாக நிற்கவைத்திருக்கிறார்கள். கல்லுக்குக் கல் கொஞ்சம் இடைவெளி. அங்கே ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதைப் புத்தக அலமாரி முறை என்றுதான் சொல்கிறார்கள். பூமி அதிர்ந்தால் அந்த இடைவெளியில் கல் லேசாக அசைந்து கொடுக்கும், சுவர் பிளக்காது என்பது அவர்கள் விளக்கம். 1746 அக்டோபர் பூகம்பத்தில் ஸ்பானியர் கட்டிய லிமா கிட்டத்தட்டத் தரைமட்டமானது. இந்த மண்மேடு இன்னும் நிற்கிறது. கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல் தளம்கூடப் போடமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான், வாயடைத்துப்போய் நின்றேன்.

இன்னொன்று, அங்கே வருஷம் முழுக்கப் பெய்கிற மழை ஒரு அங்குலம்கூட வராது. நம் ஊர் ஐப்பசி அடைமழை பெய்திருந்தால் எப்போதோ கரைந்து ஓடியிருக்கும்.

700-க்கு அப்புறம் வாரி என்ற வேறொரு பண்பாட்டு மக்கள் வந்து உச்சியில் தங்கள் பெரியவர்களைப் புதைத்தார்கள். துணியில் சுற்றிக் கட்டின அந்தப் பொதிகள் தோண்டும்போது கிடைத்தனவாம். 1981-லிருந்துதான் முறையாகத் தோண்டுகிறார்கள். அதற்கு முன்னால் பலருக்கும் அது வெறும் மண்மேடு. வீடுகள் பெருகப் பெருக ஓரங்களை நகரம் தின்றுவிட்டது. இருப்பது மிச்சம்தான்.

லிமாவிலேயே சான் இசித்ரோ பகுதியில் இருக்கிற வாயமார்க்கா என்ற இன்னொரு பழைய மண்மேட்டையும் பார்த்தேன். போன நூற்றாண்டில் செப்பனிட்டிருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நேற்றுப் பூசின சுவர் மாதிரி மழமழவென்று இருக்கிறது.

கேள்விப்பட்டதில் வயிறு எரிந்தது ஒன்றுதான். 2013-ல் லிமாவின் வடக்கே, எல் பராய்சோ என்ற இடத்தில் நாலாயிரம் வருஷத்துப் பிரமிடு ஒன்றை இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளிவிட்டார்கள். மனை போடுகிறவர்கள் செய்த வேலை என்கிறார்கள். நம் தொழில்காரன்தானே அந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பான்? ஓட்டுகிறவனிடம் இது என்ன இடம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும் கூலி கொடுக்கிறவன் பேச்சைத்தான் கேட்டிருப்பான். அந்த வேதனை எனக்குத் தெரியும்.

சரி, நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டி கூடவே வருவார். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள், புழுதி அதிகம். சுவரைக் கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு, கல்லுக்கு நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். நான் எடுத்ததெல்லாம் கலங்கிவிட்டது. நம் கொத்தனார் மாமா, கல்லை நிமிர்த்திவைத்தால் சுவர் நிற்காது என்று தினமும் என்னோடு சண்டை போடுகிறார்.

அன்புடன்,
அப்பா